ஹார்ட்ஸ்டேல் செல்லப்பிராணி இடுகாடு

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், வெஸ்ட்செஸ்டர் கவுண்டியில் உள்ளது. செல்லப்பிராணிகளுக்கென அந்நாட்டில் தோன்றி இன்றும் இயங்கிவரும் இடுகாடுகளில் மிகப் பழையது. 1896-இல் நாயைப் பறிகொடுத்த பெண் ஒருவர் அதைப் புதைக்க நியூயார்க் நகரில் இடமின்றித் தவித்தார். கால்நடை மருத்துவர் சாமுவேல் ஜான்சன் தம் ஆப்பிள் தோட்டத்தில் இடம் கொடுத்தார். இதை அவர் பேச்சுவாக்கில் ஒரு நிருபரிடம் சொல்ல, செய்தி அச்சேறியது. தங்களுக்கும் இடம் வேண்டுமென்று பலர் கேட்டு வந்தனர். தோட்டம் இடுகாடானது இப்படித்தான்.

இன்று 80,000-க்கும் மேற்பட்ட பிராணிகள் இங்கே அடக்கமாகியுள்ளன. பெரும்பாலும் நாய், பூனை. சிங்கக்குட்டி ஒன்றும் உண்டு. 1923-இல் நிறுவிய போர் நாய்கள் நினைவுச்சின்னத்தில், பாறைமேல் வெண்கல நாய் நிற்கிறது. முதுகில் செஞ்சிலுவைத் துணி, காலடியில் நசுங்கிய தலைக்கவசமும் தண்ணீர்க் குப்பியும்.

‘ஒரு நாய்க்குப் போய் இப்படி அழலாமா?’ என்று கேட்பவர்கள் எங்கும் உண்டு. துக்கம் பற்றி ஆய்ந்த கென்னத் டோக்கா 1989-இல் விளக்கிய ‘ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கம்’ என்ற வகையில் செல்லப்பிராணியை இழந்த துக்கமும் சேரும். துக்கம் விசாரிக்க ஆள் வராது. வேலைக்கு விடுப்பும் அநேகமாகக் கிடைக்காது. நோய் முற்றிய பிராணியை ஊசிபோட்டு அனுப்பச் சம்மதித்தவருக்குக் குற்றவுணர்வு வேறு. பெயர் பொறித்த ஒரு கல், போய் நிற்க ஓரிடம் என்பது அவர்களுக்குச் சின்ன விஷயமல்ல. தம் பிராணிக்கு அருகிலேயே தம் சாம்பலையும் வைக்கச் சொன்னவர்களும் இங்கே பலர். உரிமையாளரோடு பிராணியின் சாம்பலையும் மனிதர் இடுகாடுகளில் புதைக்க நியூயார்க் மாநிலம் 2016-இல் சட்டப்படி அனுமதி அளித்தது.