அட்டன் வங்கியும் ஏழு பேர்ச் காணியும்

இலங்கையின் பெரிய வர்த்தக வங்கிகளுள் ஒன்று மலையகத்தின் சிறு நகரமொன்றின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நாட்டின் எத்திசைக்குச் சென்றாலும் ஹட்டன் நஷனல் வங்கியின் பெயர்ப்பலகையைக் காணலாம். அவ்வங்கி பிறந்தது அட்டனில்தான் என்பதை இளைய தலைமுறையினர் பலர் அறியார்.

1888ஆம் ஆண்டு ஆர்.டி.பேங்ஸ், ஏ.டி.அட்கின் ஆகிய இருவர் அதனைத் தொடங்கினர். புகையிரதம் அட்டனை வந்தடைந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. திக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைத் தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகள் அனைத்தும் இந்நகரத்தின் வழியாகவே கொழும்புக்குச் சென்றன. 1948இல் பிரவுண் கம்பனி வங்கியை வாங்கியது. 1970இல் அது இன்றைய பெயருடன் விரிவுபெற்றது. அதன் தலைமையகம் இன்று கொழும்பில் இருக்கிறது. வங்கி வளர்ந்தது, அதனை ஈன்ற ஊர் ஏன் அவ்வாறு வளரவில்லை? மலையகத்தின் பொருளாதாரத்தைப் பன்முகப்படுத்துவது பற்றி அரசியல்வாதிகள் பேசும்போதெல்லாம் இக்கேள்வி எனக்குள் எழுவதுண்டு.

ஒரே பயிரை நம்பியிருப்பதன் ஆபத்தை மலையகம் 1869இலேயே கண்டது. அவ்வாண்டு முதன்முதலாக இனங்காணப்பட்ட இலைத்துரு நோய், ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்களை அழித்தது. துரைமார் முதலில் சிங்கோனாவை நாடினர். கொயினா மருந்துக்கான அம்மரப்பட்டை ஆரம்பத்தில் நல்ல விலைக்குப் போனது. எல்லோரும் அதையே பயிரிட்டதாலும், ஜாவாவின் தரமான பட்டை சந்தைக்கு வந்ததாலும் விலை சரிந்தது. கண்டி மாவட்டத்து லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தொடங்கியிருந்த தேயிலையே இறுதியில் நிலைத்தது.

கோப்பி பருவகாலப் பயிர். தொழிலாளர் வந்து, பறித்து, பெரும்பாலும் ஊர் திரும்பினர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆட்கள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் லயங்களிலேயே தங்கின. பயிர்மாற்றம் முதலாளியின் நட்டத்தை ஈடுசெய்தது. தொழிலாளியைத் தோட்டத்துடன் பிணைத்தது.

நுவரெலியாவின் கதை சற்று வேறுபட்டது. 1848இல் அங்கு குடியேறிய சாமுவேல் பேக்கர் ஆங்கிலேய விவசாயிகளையும் கால்நடைகளையும் கொண்டுவந்து பண்ணை அமைத்தார். 1855இல் அவர் நாடு திரும்பினாலும், கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு என மரக்கறி அம்மண்ணின் இரண்டாவது வாழ்வாதாரமாயிற்று. கிரகரி வாவியும் குதிரைப் பந்தயத் திடலும் ஏப்ரல் வசந்தகாலமும் மூன்றாவதான சுற்றுலாவை வளர்த்தன. 1996இல் கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை ஹோட்டலாக மாறியது. 2005இலிருந்து பொகவந்தலாவைப் பக்கத்துத் துரை பங்களாக்கள் சிலவும் உல்லாச விடுதிகளாயின.

இவை நல்ல முயற்சிகளே. தேயிலை விலை விழும்போது ஊர் முற்றாக விழாதிருக்க இவை உதவுகின்றன. ஆயினும் மரக்கறிக்கு நிலம் வேண்டும். விடுதிக்கும் நிலம் வேண்டும். வங்கிக் கடன் கேட்டால் பிணையாக வைக்க உறுதிப்பத்திரம் வேண்டும். தோட்டத்து மக்களிடம் இல்லாதது அதுதான்.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுடைமையானபோது அவர்களுக்குக் காணி கிடைக்கவில்லை. 1977 மேயில், தோட்டக் காணிகள் வெளியாருக்குப் பகிரப்படுவதை எதிர்த்த போராட்டத்தில், டெவன் தோட்டத்தில் பொலிஸாரின் துப்பாக்கிச்சூட்டுக்குச் சிவனு லெட்சுமணன் பலியானார். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறியது. நான் அப்போது இளம் நிருபர். சம்பளம் கூடுமா, வேலைநாள் குறையுமா என்று எழுதித்தள்ளினோம். தோட்டத்தினுள் லயத்துக்கும் காய்கறிப் பாத்திக்கும் உரியவர் யார் என்று நான் ஒரு வரியும் எழுதவில்லை. அந்தக் குறை இன்றும் என்னை உறுத்துகிறது.

உள்ளூராட்சியின் கைகளும் கட்டப்பட்டிருந்தன. அட்டன் - திக்கோயா நகரசபையின் எல்லையைத் தாண்டினால் தேயிலைதான். அதற்கப்பால் பிரதேச சபைகள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவினால், தோட்டத்து மக்களின் வாக்கில் தெரிவான உறுப்பினர் அவர்களது லயத்துக்குச் செல்லும் பாதையைச் சபை நிதியில் செப்பனிட முடியவில்லை. அச்சட்டம் 2018இல்தான் திருத்தப்பட்டது. நுவரெலியா மாவட்டத்தில் பிரதேச சபைகளின் எண்ணிக்கை கூடியதும், மலையகத்துக்கெனப் புதிய கிராமங்கள் அதிகாரசபை சட்டமாக்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே.

அண்மைக்கால வீடமைப்புத் திட்டங்களில் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி என்ற கணக்கு நிலைபெற்றது. ஓர் ஏக்கர் 160 பேர்ச். ஏழு பேர்ச்சில் ஒரு வீட்டைக் கட்டலாம். வீட்டைச் சுற்றி நாலு பாத்தி கீரை போடலாம். அதைக்கொண்டு ஒரு குடும்பம் பிழைக்க இயலாது. ஆகவே பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் போகிறார்கள். மலையகத்தில் உண்மையாக நிகழ்ந்துள்ள பன்முகப்படுத்தல் இதுவே என்று சொல்லத் தோன்றுகிறது. அதனை எந்தத் திட்டமிடல் அதிகாரியும் வகுக்கவில்லை.

பெருந்தோட்டக் கம்பனிகளின் 53 ஆண்டுக் குத்தகை 2045இல் முடிவுறுகிறது. கைவிடப்பட்டுப் புதர் மண்டிய தேயிலை மலைகளில் ஒரு பகுதியையேனும், பயிர்செய்யக்கூடிய அளவில், உறுதிப்பத்திரத்துடன் தொழிலாளர் குடும்பங்களுக்கு வழங்குவதா என்பதை அதற்கு முன் தீர்மானித்தாக வேண்டும். அன்று அட்டனிலுள்ள வங்கிக் கிளையொன்றுக்கு ஒரு தோட்டத்துப் பெண் தன் பெயரிலுள்ள காணிப் பத்திரத்துடன் கடன் கேட்டு வருவாளாயின், 1888இல் தொடங்கிய வங்கியின் கதை ஊர் திரும்பியதாக நான் கொள்வேன்.