இரு மரபும் ஒரு கிட்டாரும்

விலையுயர்ந்த மின்கிட்டார் வாங்க விரும்புவோர் அதன் வரலாற்றையும் அறிதல் நலம் என்பேன். 1954-இல் லியோ ஃபெண்டர் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஒற்றைச்சுருள் பிக்கப்புகள் மூன்று. ஒலி தெளிவானது, ஆயினும் மின் இரைச்சல் உண்டு. கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர், எதிரெதிர்த் தன்மையுடைய இரு சுருள்களை இணைத்து அவ்விரைச்சலை அடக்கினார். 1957-இல் லெஸ் பால் கிட்டாரில் அது இடம்பெற்றது, ஒலியும் கனத்தது.

இவ்விரு மரபையும் 1985-இல் பால் ரீட் ஸ்மித் ஒரே கருவியில் இணைக்க முற்பட்டார். ஃபெண்டரின் கம்பி நீளம் 25.5 அங்குலம், கிப்சனுடையது ஏறத்தாழ 24.75, அவர் 25 அங்குலத்தைத் தேர்ந்தார். சுருள்களைப் பிரித்தும் சேர்த்தும் ஒலிக்க ஐந்துநிலைச் சுழல்விசையும் அமைத்தார்.

ஆதலால், 'எல்லா இசைக்கும் ஏற்றது' என்று விற்கப்படும் கருவியை இருநிலைகளிலும் மீட்டிக் கேளுங்கள். ஒரு நிலை மட்டுமே இனித்தால், அவ்விலை வீண் என்பதே என் கருத்து.