வளர்ப்புப் பிள்ளை சொந்தப் பிள்ளையான வரலாறு



புனித சூசையப்பரை இயேசுவின் வளர்ப்புத் தந்தை என்கிறோம். பிள்ளைக்குப் பெயரிட்டவர் அவர்தான். அவர் வழியாகவே இயேசு தாவீதின் குலத்தில் எண்ணப்பட்டார். சோறு போட்டு வளர்ப்பது ஒன்று. பெயரும் உரிமையும் தருவது இன்னொன்று. நம் நாட்டில் கிறிஸ்தவக் குடும்பங்களால் நெடுங்காலம் முதலாவதை மட்டுமே செய்ய முடிந்தது.

1956-இல் இந்துக்களுக்குத் தத்தெடுப்புச் சட்டம் வந்தது. நமக்கு இருந்ததோ 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம். அதன்படி நீதிமன்றம் போனால் 'பாதுகாவலர்' ஆகலாம்; பெற்றோர் ஆக முடியாது. பிள்ளைக்கு 21 வயது நிறைந்ததும், 1999-க்குப் பின் 18 நிறைந்ததும், சட்டத்தின் கண்ணில் அந்த உறவு முடிந்தது. உயில் எழுதாமல் தகப்பனார் கண்மூடினால், உறவினர் பங்கு கேட்டு வருவார்கள். அவரை 'அப்பா' என்று அழைத்து வளர்ந்தவன் வெளியாளாக நிற்பான். 1983-இன் திருச்சபைச் சட்டமும், நாட்டுச் சட்டப்படி தத்தெடுத்த பிள்ளையையே பெற்றோரின் பிள்ளையாக ஏற்கிறது. நாட்டுச் சட்டமே இல்லாதவர் என்ன செய்வார்?

எல்லாருக்கும் பொதுவான தத்தெடுப்புச் சட்டம் கொண்டுவர 1972-இலும் 1980-இலும் மசோதாக்கள் வந்தன, நிறைவேறவில்லை. இதற்கிடையே, பெண் சிசுக்களைக் காக்க 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. 2001-இல் அது நம் மதுரை மாவட்டத்துக்கும் வந்தது. பசுமலைக்கு மேற்கே உசிலம்பட்டிப் பக்கம் நடந்த சிசுக்கொலைகளை நாம் மறக்க முடியாது.

2000-இல் வந்த இளைஞர் நீதிச் சட்டம் மதம் பாராமல் வழி திறந்தது. தத்துப்பிள்ளைக்குச் சொந்தப் பிள்ளையின் எல்லா உரிமையும் உண்டென்று 2006-இன் திருத்தம் தெளிவாக்கியது. எந்த மதத்தவரும் இச்சட்டப்படி தத்தெடுக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியரே ஆணை வழங்குகிறார். தற்காலிகமாக வளர்க்கும் குடும்பம் 2 ஆண்டுக்குப் பின் அப்பிள்ளையையே தத்தெடுக்க 2024-இன் வழிகாட்டுதல் இடம் தருகிறது.

முதல் தொட்டில் குழந்தைகள் இன்று முப்பது வயதைக் கடந்தவர்கள். கல்யாணப் பேச்சிலும் பாகப்பிரிவினையிலும் "நீ யார் பிள்ளை?" என்ற கேள்வி எழும்போது, பாசத்தோடு ஒரு காகிதமும் கையில் வேண்டும். தத்துப் போகாமல் இல்லங்களிலேயே வளர்ந்தவர்கள் 18 வயதில் வெளியேறுகிறார்கள். அவர்களுக்கு 21 வரை பின்கவனிப்பு உண்டு. அதன்பின் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் போய் இறங்க ஒரு வீடு வேண்டாமா?

அன்பர்களே, அண்ணன் பிள்ளையையோ அக்காள் பிள்ளையையோ வளர்க்கிறீர்களா? உறவினர் பிள்ளையைத் தத்தெடுக்கவும் சட்டத்தில் வழி உண்டு. பிள்ளை 18-ஐத் தாண்டும்முன் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள். யாரிடமிருந்தும் குழந்தையை நேரடியாகக் கைமாற்றி வாங்காதீர்கள், அது குற்றம். சூசையப்பர் அன்போடு பெயரையும் கொடுத்தார். நாமும் இரண்டையும் கொடுப்போம்.