குலசைக் கரையும் படப்பிடிப்புக் கல்வியும்

திருச்செந்தூருக்குத் தெற்கே மன்னார் வளைகுடாக் கரையில் அமைந்த குலசேகரன்பட்டினம், பாண்டிய மன்னர் பெயரைச் சுமந்து நிற்கும் பழம்பெரும் பட்டினம். மரக்கலங்கள் வந்து சென்ற அதன் துறையில் இன்று அலையோசையே மிஞ்சியிருக்கிறது. நம் முன்னோர் இக்கரையோரம் நெடுகக் கடல் வாணிபம் செய்தனர், முத்துக் குளித்தனர், இலங்கைக்குச் சென்று பொருளீட்டித் திரும்பினர். அவர்கள் கப்பலேறிய காட்சியையோ, சுமை இறக்கிய காட்சியையோ அசையும் படமாக நாம் பார்த்ததுண்டா? பாட்டன் சொல்ல, பேரன் கேட்டதோடு சரி. சொன்னவர் மறைந்ததும் அவர் கண்ட காட்சியும் உடன் மறைந்துவிட்டது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் திருச்செந்தூரிலிருந்து குலசை வழியே திசையன்விளைக்கு ஒரு சிறு ரயில் ஓடிற்று. இன்று அதன் தண்டவாளமும் இல்லை. 1942ஆம் ஆண்டு விடுதலைப் போரில், உப்பளத்தில் லோன் என்னும் ஆங்கில அதிகாரி கொல்லப்பட, குலசேகரன்பட்டினம் சதி வழக்கு நாடெங்கும் பேசப்பட்டது. தூத்துக்குடிக் கடலில் பெரிய அளவில் நடந்த கடைசி முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டினது. நேற்று நடந்தவை போன்ற இச்செய்திகளுக்குக்கூட நாம் நம் வீட்டில் பாதுகாத்த படச்சுருள் ஏது?

இன்று குலசைக்குப் படப்பிடிப்புக் கருவிகள் வராமலில்லை. ஆண்டுதோறும் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு வருகின்றன. 2024 பிப்ரவரி 28 அன்று விண்வெளி ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டபோதும் வந்தன. வந்தவர்கள் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு சென்றனர்; அது அவர்கள் தொழில். எஞ்சிய நாட்களில் ஊர் வாழும் வாழ்வை யார் பதிவு செய்வது? இவ்வினாவே படப்பிடிப்புக் கல்வியின் வரலாற்றை நோக்கி நம்மைத் திருப்புகிறது.

நம் வீட்டுப் பிள்ளையொருவன் திரைப்படத் தொழில் படிக்க விரும்பினால், பெற்றோர் முகம் வாடுகிறது. பெண்பிள்ளை கேட்டுவிட்டாலோ வீடே திகைக்கிறது. முகத்தில் சாயம் பூசி ஆடுவதே அப்படிப்பு என்று நாம் கருதிவிட்டோம். ஒளியை அளந்து படமெடுத்தல், ஒலியைப் பதிந்து செப்பனிடுதல், காட்சிகளை வெட்டி ஒட்டிப் பொருள்பட இணைத்தல், செய்தியைத் தேடிக் கதையாகத் தொகுத்தல் ஆகியவையே அதில் பெரும்பகுதி என்பதை நாம் விசாரித்தறியவில்லை.

ஆதியில் இத்தொழிலைக் கற்பிக்கத் தமிழ்நாட்டில் கல்லூரி ஏதும் இல்லை. தமிழகத்தின் முதல் கதைப்படத்தை எடுத்த நடராஜ முதலியார், புனேயில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேயரிடம் கருவியை இயக்கப் பழகி வந்தவர். குருவைத் தேடிச் சென்று கைப்பழக்கமாகக் கற்பதே அன்றைய முறை. ரஷ்யாவிலோ 1919ஆம் ஆண்டிலேயே மாஸ்கோ நகரில் திரைப்படக் கல்விக்கெனத் தனிக்கூடம் எழுந்துவிட்டது.

நாம் சிறப்பாக நினைவுகூர வேண்டியவர் ஏ.கே. செட்டியார். வாணிபத்திற்குப் பேர்போன செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்த அவர், டோக்கியோவிலும் பின்னர் நியூயார்க்கிலும் புகைப்படக் கலையை முறையாகப் பயின்றார். 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் செல்லுகையில், காந்தியடிகளைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. பல நாடுகளில் அலைந்து, பலர் பல காலங்களில் எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் திரட்டி, 1940ஆம் ஆண்டில் படத்தை வெளியிட்டார். அவர் முனைந்திராவிடில் அக்காட்சிகள் திசைக்கொன்றாய்ச் சிதறிக் கிடந்திருக்கும். கற்ற கல்வியைக் கொண்டு அவர் காப்பாற்றியது ஒரு நாட்டின் நினைவை.

பின்னர் நம் நாட்டிலும் கல்விக்கூடங்கள் தோன்றின. 1943இல் பெங்களூரில் தொடங்கிய தொழில்நுட்பப் பயிலகத்தில் ஒளிப்பதிவு கற்பிக்கப்பட்டது. 1960இல் புனே பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் மத்திய அரசு திரைப்படக் கல்லூரியை நிறுவியது. டெல்லியிலிருந்த தொலைக்காட்சிப் பயிற்சிப் பிரிவு 1974இல் அங்கு வந்து சேர்ந்தது. ஈழத்து மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்த பாலுமகேந்திரா, கடல் கடந்து வந்து 1969இல் அங்கு ஒளிப்பதிவுப் பட்டயம் பெற்றார். தமிழ்த் திரையில் இயற்கை ஒளியின் அழகை அவர் எவ்வாறு காட்டினார் என்பதை நாடறியும்.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கிற்று. அதே மாதம் முதல் நாளன்று, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையோடு, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளைக் காட்டும் பெருஞ்சோதனை ஆரம்பமாகி ஓராண்டு நடந்தது. விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோ, கருவிகளைப் பொருத்தியதோடு நில்லாமல் நிகழ்ச்சிகளையும் தயாரித்தது. வானில் கோள் சுற்றினாலும், அதன் வழியே அனுப்பத் தக்க நிகழ்ச்சியைச் சமைக்கும் கைகள் தரையில் வேண்டுமல்லவா?

அக்கைகளைப் பல்கலைக்கழகத்திலேயே உருவாக்க முன்வந்தவற்றுள் ஒன்று, டெல்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியா. விடுதலைப் போராட்டக் காலத்தில், 1920இல், அலிகாரில் பிறந்து பின்னர் டெல்லிக்குப் பெயர்ந்த இக்கல்விக்கூடம், டாக்டர் ஜாகிர் ஹுசைன் நெடுங்காலம் கட்டிக்காத்தது. அதன் துணைவேந்தர் அன்வர் ஜமால் கித்வாய், கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தோடு கைகோத்து, 1982இல் மக்கள் தொடர்பு ஆய்வு மையத்தை ஏற்படுத்தினார். கனடிய ஆவணப்பட அறிஞர் ஜேம்ஸ் பெவரிட்ஜ் அதற்குத் துணை நின்றார். ஆணும் பெண்ணும் அங்கு படமும் ஒலியும் தொலைக்காட்சியும் பயின்று முதுகலைப் பட்டம் பெறுகின்றனர். 1984இல் பல்கலைக்கழக மானியக் குழு தொடங்கிய ‘நாடளாவிய வகுப்பறை’ ஒளிபரப்புக்கு, மதுரை காமராசர் பல்கலைக்கழகம் போன்றவற்றின் மையங்களும் பாடப்படங்களைத் தயாரித்தன. நம் சமுதாயத்தின் பெயர்பெற்ற கல்விச்சாலையே ஏற்றுப் போற்றிய படிப்பைக் கண்டு நாம் ஏன் அஞ்ச வேண்டும்?

மலைக்கு அப்பால், கொல்லம் மாவட்டத்தைச் சேர்ந்த ரசூல் பூக்குட்டியைப் பாருங்கள். இயற்பியல் படித்துவிட்டுப் புனேயில் ஒலிப்பதிவு பயின்று 1995இல் வெளிவந்த அவர், 2009இல் ஆஸ்கார் விருதைக் கையிலேந்தினார். அவருடைய முகம் திரையில் தோன்றவில்லை. செவியும் உழைப்புமே அவரை அம்மேடைக்கு அழைத்துச் சென்றன.

நம் பிள்ளைகள் கடல் கடந்தோ வடக்கே சென்றோதான் இதைக் கற்க வேண்டும் என்பதில்லை. சென்னை தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் முதலிய துறைகளில் நான்காண்டுப் பட்டப்படிப்பை நடத்துகிறது. இத்தொழிலில் இன்னல்கள் இல்லை என்று நாம் சொல்லவில்லை. வேலை நிரந்தரமில்லை, வருவாய் சீராக வராது, நல்லதும் தீயதும் கலந்த களம் அது. ஆனால் கடல் வாணிபமும் அப்படித்தானே இருந்தது? புயலுக்கு அஞ்சியா நம் முன்னோர் பாய் விரிக்காதிருந்தனர்? பிள்ளைக்கு நல்லொழுக்கத்தைக் கட்டுச்சோறாகக் கொடுத்தே அவர்கள் கப்பலேற்றினர்.

இதோ, குலசையின் முகம் மாறப்போகிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்திசையில் ஏவும் ராக்கெட், இலங்கை மீது பறவாதிருக்க வளைந்து செல்லவேண்டும். அதில் எரிபொருள் விரயமாகும். குலசையிலிருந்தோ திறந்த கடலின் மேல் நேரே தெற்கே செலுத்தலாம். கப்பல்களை அழைத்த அதே கடலமைப்பு, இன்று விண்கலங்களையும் அழைக்கிறது. அவற்றை உலகமே படம் பிடிக்கும், அதற்கு ஆளுண்டு.

ஆனால் பழைய பண்டகசாலைச் சுவரும், இலங்கைக்குச் சென்று திரும்பிய முதியவரின் நடுங்கும் குரலும், அரபுத் தமிழ் ஏட்டைப் படிக்கத் தெரிந்த மூதாட்டியும் எத்தனை நாள் காத்திருப்பார்கள்? அம்மூதாட்டி அந்நியர் கருவிமுன் வாய் திறக்கமாட்டார். தம் பேத்தி கருவியோடு வந்து “உம்மும்மா, சொல்லுங்க” என்று அருகில் அமர்ந்தால் விடியும்வரை பேசுவார். அந்தப் பேத்தியைப் படிக்க அனுப்பும் பொறுப்பு, பெற்றோராகிய நம்முடையது.