மதுரையிலிருந்து கப்பற் பயணம்

மதுரையிலிருந்து கப்பற் பயணம் என்பது கடற்கரை இல்லாத மதுரை நகரிலிருந்து தொடருந்து, பேருந்து அல்லது விமானம் மூலம் ஒரு துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து பயணிகள் கப்பலிலோ உல்லாசக் கப்பலிலோ செல்வதைக் குறிக்கும். இத்தகைய பயணத்தில் கடல்வழிப் பகுதியைக் கப்பல் நிறுவனம் பொறுப்பேற்கிறது. துறைமுகம் வரை சென்று சேர்வது பயணியின் பொறுப்பு. கப்பல் குறித்த நேரத்தில் புறப்பட்டுவிடும். தாமதமாக வந்தவருக்குப் பொதுவாகக் கட்டணம் திருப்பித் தரப்படுவதில்லை. எனவே விமானம், தங்குவிடுதி, உள்ளூர்ப் போக்குவரத்து ஆகிய மூன்றையும் கப்பலின் நேரத்தை ஒட்டித் திட்டமிடுவது இப்பயணத்தின் முக்கிய பகுதியாகும்.

வரலாறு

தொடருந்தையும் கப்பலையும் இணைத்துச் செல்லும் வழக்கம் மதுரைக்குப் புதிதன்று. 1876 ஆம் ஆண்டு மதுரை–தூத்துக்குடி இருப்புப்பாதை திறக்கப்பட்ட பின்னர், சென்னையிலிருந்து மதுரை வழியாகத் தூத்துக்குடி சென்று அங்கிருந்து நீராவிக் கப்பலில் கொழும்பு செல்வது இலங்கைக்கான முதன்மை வழியாயிற்று. இவ்வழியில் ஓடிய வண்டியே படகு மெயில் என அழைக்கப்பட்டது. தூத்துக்குடியில் கரையோரக் கடல் ஆழம் குறைந்தது என்பதால் கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. பயணிகள் சிறு படகுகளில் ஏறிக் கப்பலை அடைந்தனர். இவ்வழித்தடத்தில்தான் 1906 இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கி, பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் நிறுவனத்துடன் போட்டியிட்டார்.

அக்காலத்தில் கிளைப்பாதைப் பயணிகள் மணியாச்சி சந்திப்பில் படகு மெயிலுக்காகக் காத்திருப்பர். ஜூன் 17, 1911 அன்று திருநெல்வேலியிலிருந்து கொடைக்கானல் நோக்கிப் புறப்பட்ட மாவட்ட ஆட்சியர் ஆஷ், இவ்வாறு இணைப்பு வண்டிக்காகக் காத்திருந்தபோதே வாஞ்சிநாதனால் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்நிலையம் இன்று வாஞ்சி மணியாச்சி என வழங்கப்படுகிறது.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் இவ்வழி மாறியது. வண்டி தனுஷ்கோடி வரை சென்றது. அங்கிருந்து கப்பல் ஏறி ஏறத்தாழ 35 கிமீ கடலைக் கடந்து தலைமன்னாரில் இறங்கினால் கொழும்பு செல்லும் வண்டி காத்திருக்கும். சென்னையில் வாங்கும் ஒரே பயணச்சீட்டில் கொழும்பு வரை செல்ல முடிந்தது. வண்டி தாமதமானால் கப்பலும் காத்திருக்கும் என்பது இவ்வமைப்பின் சிறப்பு. இன்றைய பயணிக்கு இல்லாத வசதி இதுவே. 1930 அளவில் திருச்சி–மானாமதுரை நேர்ப்பாதை அமைக்கப்பட்டதும் படகு மெயில் மதுரையைத் தொடாமல் புதுக்கோட்டை, காரைக்குடி வழியே சென்றது. அதன் பின்னர் மதுரைப் பயணிகள் மானாமதுரை சென்று அவ்வண்டியைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

டிசம்பர் 22, 1964 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி நோக்கிச் சென்ற பயணிகள் வண்டியும் கடல் அலையில் மூழ்கி, அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பின்னர் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் இயக்கப்பட்டு, இலங்கை உள்நாட்டுப் போர்ச் சூழலில் 1980களின் முற்பகுதியில் நின்றுபோனது. மலாயா, சிங்கப்பூர் செல்வோர் சென்னை அல்லது நாகப்பட்டினம் சென்று ரஜூலா, சிதம்பரம் முதலிய கப்பல்களில் ஏறினர். 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் ஏற்பட்ட தீ விபத்துடன் அச்சேவையும் முடிவுக்கு வந்தது.

தற்காலச் சேவைகள்

ஜூன் 2011 இல் தூத்துக்குடி–கொழும்பு இடையே தொடங்கப்பட்ட பயணிகள் கப்பல் சேவை அவ்வாண்டு நவம்பரிலேயே நின்றது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறை இடையேயான சேவை அக்டோபர் 14, 2023 அன்று செரியபாணி என்னும் கப்பலுடன் தொடங்கி, வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டுச் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 2024 இல் சிவகங்கை என்னும் கப்பல் அதே வழியில் சேவையைத் தொடங்கியது. பயண நேரம் ஏறத்தாழ நான்கு மணி. இது உல்லாசக் கப்பல் அன்று, போக்குவரத்துக் கப்பலாகும். கடல் கொந்தளிப்பான மாதங்களில் இச்சேவை நிறுத்தப்படுவது உண்டு.

உல்லாசக் கப்பல்களைப் பொறுத்தவரை, கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் ஜூன் 2022 இல் சென்னையிலிருந்து இயங்கத் தொடங்கியது. முதல் பருவத்தில் புதுச்சேரி அருகே வந்த கப்பலுக்கு அங்கு அனுமதி கிடைக்கவில்லை. பயணிகள் கரையிறங்காமலேயே திரும்பினர். கப்பல் நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் துறைமுகங்களை மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்பதற்கு இது எடுத்துக்காட்டு. இடைத் துறைமுகத்தில் இறங்கி உறவினரைச் சந்திப்பதாகவோ, அங்கிருந்து விமானம் பிடிப்பதாகவோ திட்டமிடுவது இக்காரணத்தால் உகந்ததன்று. ஜூன் 2023 இல் இதே கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்குச் சென்றது. மதுரைக்கு எட்டும் தொலைவில் உள்ள மற்றொரு உல்லாசக் கப்பல் துறைமுகம் கொச்சி. வெளிநாடுகளில் சிங்கப்பூரும் துபாயும் மதுரைப் பகுதியினர் அதிகம் நாடும் துறைமுகங்களாகும்.

முன்பதிவு வரிசை

கப்பல் அறைகள் பல மாதங்களுக்கு, சில வேளைகளில் ஓராண்டுக்கும் மேல், முன்பாகவே விற்பனைக்கு வருகின்றன. விமானச் சீட்டுகள் ஏறத்தாழ 11 மாதங்களுக்கு முன் கிடைக்கும். இந்தியத் தொடருந்துகளில் முன்பதிவுக் காலம் நவம்பர் 1, 2024 முதல் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. ஆகவே கப்பல், விமானம், விடுதி, தொடருந்து என்ற வரிசையே இயல்பாக அமைகிறது. 60 ஆம் நாளில் தொடருந்துச் சீட்டு காத்திருப்புப் பட்டியலில் விழுந்தால் மாற்றுவழி என்ன என்பதைக் கப்பல் சீட்டு வாங்கும்போதே எண்ணிப் பார்க்க வேண்டும். பயண நாளுக்கு முந்தைய நாள் திறக்கும் தட்கல் சீட்டை நம்பிக் கப்பலுக்குப் பணம் கட்டுவது சூதாட்டத்துக்கு ஒப்பானது.

துறைமுகத்தை அடைதல்

கப்பலின் புறப்பாட்டு நேரமும் பயணப் பதிவு முடியும் நேரமும் வேறு வேறு. பெரும்பாலான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 60 முதல் 90 நிமிடங்களுக்கு முன்பே பதிவை மூடிவிடுகின்றன. மாலை 5 மணிக்குப் புறப்படும் கப்பலுக்கு உண்மையான கடைசி நேரம் பிற்பகல் 3.30 எனக் கொள்ள வேண்டும்.

சென்னைக் கப்பலை எடுத்துக்கொண்டால், மதுரையிலிருந்து காலையில் புறப்படும் வைகை விரைவு வண்டி பிற்பகல் 2 மணிக்குப் பின்னரே எழும்பூரை அடையும். கால அட்டவணைப்படி பார்த்தால் நேரம் இருப்பதாகத் தோன்றும். ஒரு மணி நேரத் தாமதம் ஏற்பட்டாலே கப்பல் தவறிவிடும். முந்தைய இரவு புறப்படும் பாண்டியன் விரைவு வண்டி அதிகாலையில் சென்னை சேர்வதால் பல மணி நேர இடைவெளி கிடைக்கிறது. மழைக்காலம் தவிர்ந்த மாதங்களில் இதுவே போதுமானது. விடுதிச் செலவும் மிச்சமாகும். முதியோர் அல்லது குழந்தைகளுடன் செல்வோர், முந்தைய நாள் பிற்பகல் மதுரையில் புறப்படும் தேஜஸ் வண்டியில் சென்று எழும்பூர்ப் பகுதியில் ஓரிரவு தங்குவது நலம். எழும்பூரிலிருந்து துறைமுகம் சில கிலோமீட்டர் தொலைவே என்பதால் விமான நிலையம் அருகே தங்க வேண்டிய தேவை இல்லை. வண்டி தாம்பரத்துடன் நிறுத்தப்படுகிறதா என்பதையும் பயணத்துக்கு முன் சரிபார்க்க வேண்டும்.

கொச்சிக்குச் செல்லும் மூணாறு வழிச் சாலை அழகானது; நேரக் கணக்குக்கு ஏற்றதன்று. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தேவிகுளம் பகுதியில் மண்சரிவு ஏற்பட்டுப் பாதை அடைபடுவது உண்டு. புனலூர், கொல்லம் வழியாக எர்ணாகுளம் செல்லும் தொடருந்து சுற்றுவழியாயினும் நம்பகமானது. விமானத்தில் செல்வோர் கவனிக்க வேண்டியது, கொச்சி விமான நிலையம் நெடும்பாசேரியில் உள்ளது. கப்பல் முனையமோ வில்லிங்டன் தீவில் உள்ளது. இடைப்பட்ட தொலைவு 35 கிமீக்கு மேல்.

சிங்கப்பூரில் இரண்டு கப்பல் முனையங்கள் உள்ளன. ஒன்று ஹார்பர்ஃபிரண்ட் பகுதியிலும், 2012 இல் திறக்கப்பட்ட மற்றொன்று மெரினா தென்பகுதியிலும் உள்ளது. பயணச்சீட்டில் எம்முனையம் குறிக்கப்பட்டுள்ளது எனப் பார்த்த பின்னரே விடுதி எடுக்க வேண்டும். வெளிநாட்டில் ஏறும் கப்பலுக்கு ஒரு நாள் முன்னதாகச் சென்று சேர்வது கட்டாயம் எனலாம்.

மதுரை–சென்னை ஒரு நிறுவனத்திலும் சென்னை–சிங்கப்பூர் வேறு நிறுவனத்திலும் தனித்தனியாகச் சீட்டு வாங்கினால் செலவு குறையலாம். ஆனால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு எப்பொறுப்பும் இல்லை. பெட்டிகளையும் சென்னையில் எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டும். உள்நாட்டு விமானத்தில் பொதுவாக 15 கிலோ மட்டுமே அனுமதி என்பதால், பன்னாட்டுச் சீட்டின் அளவை நம்பிப் பெட்டி கட்டியவர் மதுரையிலேயே கூடுதல் கட்டணம் செலுத்த நேரிடும். முழு வழிக்கும் ஒரே சீட்டாக வாங்குவதே பாதுகாப்பானது. கப்பல் நிறுவனம் மூலமாகவே விமானச் சீட்டும் வாங்கியிருந்தால், தாமதத்தின்போது அடுத்த துறைமுகத்தில் கப்பலைப் பிடிக்க அந்நிறுவனம் உதவுவது வழக்கம். அதற்கு அடுத்த துறைமுக நாட்டின் விசா இருக்க வேண்டும். எங்கும் நிற்காமல் கடலில் சுற்றித் திரும்பும் கப்பல்களில் இவ்வாய்ப்பே இல்லை.

தல்லாகுளமும் நகர்ப் போக்குவரத்தும்

தல்லாகுளம் வைகையின் வடகரையில் உள்ளது. மாட்டுத்தாவணி பேருந்து நிலையம் இதே கரையில் அருகில் உள்ளது. மதுரை சந்திப்பும், அவனியாபுரம் அருகேயுள்ள விமான நிலையமும் தென்புறத்தில் அமைந்துள்ளன. எனவே இவற்றுக்குச் செல்ல ஆற்றைக் கடக்க வேண்டும். 1889 இல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலமும் அதனை ஒட்டிய கோரிப்பாளையம் சந்திப்பும் மாலை வேளைகளில் நெரிசல் மிக்கவை. பாண்டியன் வண்டிக்குச் செல்வோர் இந்நெரிசலைக் கணக்கில் கொண்டு வீட்டிலிருந்து புறப்படுதல் வேண்டும்.

சித்திரைத் திருவிழா நாட்களில் இக்கணக்கும் செல்லாது. அழகர்கோயிலிலிருந்து வரும் கள்ளழகரை மூன்றுமாவடியில் மக்கள் எதிர்கொண்டு அழைப்பது எதிர்சேவை எனப்படும். அன்றிரவு அழகர் தல்லாகுளம் பிரசன்ன வெங்கடாசலபதி பெருமாள் கோயிலில் தங்கி, மறுநாள் வைகையில் இறங்குகிறார். இலட்சக்கணக்கானோர் கூடும் இவ்விரு நாட்களிலும் தல்லாகுளம், கோரிப்பாளையம் சாலைகளில் வாகனங்கள் தடை செய்யப்படும் அல்லது திருப்பி விடப்படும். சித்திரை முழுநிலவை ஒட்டிய நாட்களில் கப்பல் ஏறுவோர் எதிர்சேவைக்கு முன்பே ஆற்றைக் கடந்துவிடுவது நல்லது, அல்லது வேறு தேதியைத் தேர்ந்தெடுக்கலாம். பள்ளி விடுமுறையும் அக்காலத்திலேயே வருவதால் இம்மோதல் அரிதன்று.

ஆவணங்கள்

வெளிநாட்டுத் துறைமுகம் செல்லும் கப்பலுக்குக் கடவுச்சீட்டு தேவை. அது பயணம் முடிந்த பின்னரும் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் எனப் பல நாடுகளும் நிறுவனங்களும் கோருகின்றன. மதுரையில் மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகம் 2007 இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன் தென்மாவட்ட மக்கள் திருச்சிக்குச் செல்ல வேண்டியிருந்தது.

பலர் அறியாத சிக்கல் ஒன்று உண்டு. ஒரு நாட்டுக்கு விமானத்தில் சென்று அங்கு கப்பல் ஏறும்போது அந்நாட்டை விட்டு வெளியேறியதாகப் பதிவாகிறது. சுற்றி முடித்துக் கப்பல் அதே துறைமுகம் திரும்பும்போது மீண்டும் நுழைய வேண்டும். ஒருமுறை நுழைவுக்கு மட்டுமான விசா வைத்திருப்பவரைக் கப்பலில் ஏற்றவே மாட்டார்கள். கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டின் விதியையும், கரையிறங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும், முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

பருவநிலை

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலம் இவ்வகைப் பயணத்துக்கு மிகவும் இடர் நிறைந்தது. டிசம்பர் 2015 வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் பல நாட்கள் மூடப்பட்டது. டிசம்பர் 2023 இல் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் மூடப்பட்டது. அதே மாதம் தென்மாவட்ட வெள்ளத்தில் செந்தூர் விரைவு வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி, ஏறத்தாழ 800 பயணிகள் தவித்தனர். இத்தகைய நிகழ்வுகளுக்கு ஒருநாள் இடைவெளி போதாது. பயணக் காப்பீடு எடுப்போர், வானிலையால் கப்பல் தவறினால் இழப்பீடு உண்டா, அதற்கு முன்னதாகச் சென்று சேர வேண்டிய மணிக்கணக்கு எவ்வளவு என்பவற்றைப் படித்துப் பார்த்தல் அவசியம்.

திரும்பும் பயணம்

கப்பல்கள் பெரும்பாலும் காலை 6 முதல் 8 மணிக்குள் துறைமுகம் திரும்பும். பெரிய பெட்டிகளை முந்தைய இரவே அறைக்கு வெளியே வைக்குமாறு கூறுவர். அவை பெட்டியில் கட்டப்படும் சீட்டின் நிறத்தின்படி மறுநாள் தொகுதி தொகுதியாகக் கரையில் கிடைக்கும். கடவுச்சீட்டும் மருந்துகளும் கைப்பையில் இருத்தல் வேண்டும். இறங்கவும், குடிவரவு, சுங்கச் சோதனைகளை முடிக்கவும் சில மணி நேரம் ஆகும் என்பதால் நண்பகலுக்கு முந்தைய விமானங்களைத் தவிர்க்க வேண்டும். சென்னையில் இறங்குவோர் அதிகாலையில் எழும்பூரிலிருந்து புறப்படும் தேஜஸ் வண்டியைப் பிடிக்க இயலாது. பிற்பகல் வைகை வண்டி பொருத்தமானது. கப்பல் தாமதமாக வந்தால் இரவுப் பாண்டியன் வண்டியே மீதமிருக்கும்.