1918-ல் மாணவிகள் தைத்த மாஸ்க்



2020-ல் கொரோனா வந்தபோது, பல நாடுகளில் கல்லூரி மாணவர்கள் 3டி பிரிண்டரில் ஃபேஸ் ஷீல்டு செய்து மருத்துவமனைகளுக்குக் கொடுத்தார்கள். "இந்தக் காலத்துப் பசங்க!" என்று எல்லோரும் பாராட்டினோம். ஆனால் அந்தக் காலத்துப் பிள்ளைகளும் இதைச் செய்திருக்கிறார்கள்.

1918 அக்டோபர். ஸ்பானிஷ் ஃப்ளூ அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வேகமாகப் பரவியது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் காய்ச்சலில் படுத்தார்கள். வளாகத்தில் எல்லோரும் மாஸ்க் அணிய வேண்டும் என்று உத்தரவு. அத்தனை மாஸ்க்குக்கு எங்கே போவது? மாணவிகளே உட்கார்ந்து, காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியில் மாஸ்க் தைத்தார்கள். அருகிலிருக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவில் மாஸ்க் கட்டாயமானது. அங்கே செஞ்சிலுவைச் சங்கம் சில நாட்களிலேயே ஒரு லட்சம் மாஸ்க் விநியோகித்தது.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. அந்த மாஸ்க் உண்மையில் தடுத்ததா?

அப்போது எந்தக் கிருமியைத் தடுக்கிறோம் என்றே சரியாகத் தெரியாது. மனிதர்களைத் தாக்கும் ஃப்ளூ வைரஸைப் பிரித்தெடுத்ததே 1933-ல்தான். கலிஃபோர்னியா சுகாதாரத் துறையைச் சேர்ந்த கெல்லாக், மெக்மில்லன் இருவரும் காஸ் மாஸ்க்கைச் சோதித்து 1920-ல் முடிவை வெளியிட்டார்கள். மடிப்பு குறைந்தால் எச்சில் துளிகள் துணியைத் தாண்டிவிடும். மடிப்பைக் கூட்டினால் மூச்சு விடுவது கஷ்டம், காற்று ஓரங்கள் வழியாகக் கசியும். சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்தும் அளவுக்குப் பலன் நிரூபணமாகவில்லை என்றார்கள்.

இதில் அந்த மாணவிகளின் தவறு எதுவுமில்லை. சோதனை பிந்தி வந்ததுதான் தவறு. சரக்கு கடையை விட்டுப் போவதற்கு முன்பே தரம் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வணிகவியல் பாடம். இலவசமாகத் தரும் பொருளுக்கும் அது பொருந்தும். தடுக்காத கவசம், "நாம் பாதுகாப்பாக இருக்கிறோம்" என்ற பொய்த் தைரியத்தைத் தந்துவிடும்.

2020-ல் இந்த வரிசை ஓரளவு மாறியது. செக் நாட்டின் புரூசா நிறுவனம் மார்ச் மாதம் தன் ஷீல்டு வடிவத்தை இணையத்தில் இலவசமாக வெளியிட்டது, அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் அதைச் சரிபார்த்தது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம், மருத்துவமனைக்கு ஏற்ற வடிவம் எது, பொதுமக்களுக்கு ஏற்றது எது என்று தன் தளத்தில் பிரித்துக் காட்டியது. மாணவர்கள் அதைப் பார்த்துச் செய்ய முடிந்தது.

அடுத்த கொள்ளைநோய் வரும்போதும் உதவ நம்மில் நிறையப் பேர் ஓடி வருவோம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் முதல் துண்டை வெட்டுவதற்கு முன், "இதை யார் சோதித்தது?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம்.