கை கோக்காத வரிசை

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறியாமல் கையில் ஏந்தி ஓடி முன்னேறும் முறை ஓட்ட ஆட்டம் எனப்படும். அவ்வோட்டத்துக்கு வழி திறப்பவர்கள், நடுவே சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், அவர்களுக்கு வெளியே டாக்கிள்கள் என நிற்கும் ஐவர் ஆவர். பந்து எந்த அணியிடம் இருக்கிறது என்பதை உறுதிசெய்து இரு அணிகளையும் ஒரு கோட்டின் இருபுறமும் நிறுத்திய விதி, யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கேம்ப் எடுத்த முயற்சியால் 1880-இல் ஏற்கப்பட்டபோதே இவ்வரிசைக்கு வித்திடப்பட்டது.

தொடக்க காலத்தில் அவ்வரிசையின் ஒற்றுமை முழுக்க உடல் சார்ந்ததாக இருந்தது. 1892-இல் யேலுக்கு எதிராக ஹார்வர்டு அணி இறக்கிய ‘பறக்கும் ஆப்பு’, வீரர்கள் இரு திசைகளிலிருந்து ஓடிவந்து ஆப்பு வடிவில் இணைந்து பந்து ஏந்தியவரை நடுவில் காத்துச்செல்லும் உத்தியாகும். அதை வகுத்த லோரின் டிலாண்டு, கால்பந்தை ஒருநாளும் ஆடாத, நெப்போலியனின் போர்முறைகளில் ஈடுபாடு கொண்ட வணிகர் என்பது வியப்புக்குரியது. இத்தகைய திரள் மோதல்களால் உயிரிழப்புகள் பெருகி, 1905-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டே தலையிட நேர்ந்தது. 1910-இல் வீரர்கள் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு ஓடுவதும், பந்து ஏந்தியவரைத் தள்ளுவதும் இழுப்பதும் தடைசெய்யப்பட்டன. பற்றிக்கொள்ள இயலாத வீரர்கள், அடுத்தவர் எங்கே கால் வைப்பார் என்பதை முன்னரே அறிந்திருக்க வேண்டியவர்கள் ஆயினர்.

அவ்வறிதலின் உச்சத்தை, 1959-இல் கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் பயிற்சியாளர் பொறுப்பை ஏற்ற வின்ஸ் லொம்பார்டியின் ‘ஸ்வீப்’ ஆட்டத்தில் காணலாம். லொம்பார்டியே ஃபோர்டம் பல்கலைக்கழகத்தில் கார்டாக ஆடியவர். பந்து பின்னே வந்ததும் ஜெர்ரி கிரேமர், ஃபஸ்ஸி தர்ஸ்டன் ஆகிய இரு கார்டுகளும் தம் இடத்தைவிட்டு விலகிப் பக்கவாட்டில் ஓடுவர். கிரேமர் விட்டுச்சென்ற இடைவெளியில் எதிரணியினர் புகாதவாறு சென்டர் ஜிம் ரிங்கோ குறுக்கே பாய்ந்து அடைப்பார், இதுவே இவ்வாட்டத்தின் மிகக் கடினமான வேலை. வரிசையின் ஓரத்தில் நிற்கும் டைட் எண்டு தமக்கு எதிரானவரை அவர் சாயும் பக்கத்துக்கே தள்ள, அதைக் கண்டு தர்ஸ்டன் உள்ளேயோ வெளியேயோ திரும்ப, அவரைப் பார்த்து ஓடுபவர் திரும்புவார். ஒருவர் அரை நொடி தாமதித்தாலும் வழி மூடிவிடும். எதிரணிகள் அனைத்தும் அறிந்திருந்த இந்த ஒரே ஆட்டத்தை முதன்மையாகக் கொண்டு இயங்கிய அணியில், ஜிம் டெய்லர் 1962-இல் 1,474 கெஜம் ஓடினார்.

பிற்காலத்தில் டென்வர் பிராங்கோஸ் அணியின் வரிசைப் பயிற்சியாளர் அலெக்ஸ் கிப்ஸ், எதிராளியைக் குறிவைக்காமல் ஐவரும் ஒரே திசையில் அடியெடுத்து, தத்தம் பரப்புக்குள் வருபவரைத் தடுக்கும் ‘மண்டலத் தடுப்பு’ முறையைச் செம்மைப்படுத்தினார். அங்கே 1998-இல் டெரல் டேவிஸ் 2,008 கெஜம் ஓடினார். மறு ஆண்டு அவர் காயமுற்றபோது புதியவரான ஒலாண்டிஸ் கேரி 1,159 கெஜமும், 2000-இல் மற்றொரு புதியவர் மைக் ஆண்டர்சன் 1,487 கெஜமும் ஓடினர். அவர்களுக்கு வழி திறந்த வரிசையினரோ செய்தியாளர்களிடம் பேசுவதில்லை என்பதை வழக்கமாக்கிக் கொண்டிருந்தனர்.